கம்பனியின் அதிகாரத்துக்கு எல்லை எது? அமைப்பு விதிகள் பற்றி யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் கம்பனிச் செயலாளர் வேலை பார்க்கிறேன். மாதத்தில் இரண்டு மூன்று பேராவது கோப்பும் கையுமாக வந்து இதே கேள்வியைக் கேட்பார்கள்: "அண்ணை, கம்பனி பதியேக்க ஒரு தொழிலைத்தான் எழுதினம். இப்ப வேற தொழிலுக்குள்ள இறங்கலாமோ?" ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் முடிகிற பதில் அல்ல இது. அரைகுறையாக விளங்கிக்கொண்டதால் சகோதரங்களுக்குள்ளேயே கதை பேச்சு நின்றுபோன குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். இங்கே சட்டம் என்று நான் சொல்வது 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தை.

அமைப்பு விதிகள் என்றால் என்ன? என்னிடம் அப்படி ஒரு கடதாசியே இல்லையே?

ஆர்டிகிள்ஸ் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். கம்பனி எப்படி நடக்க வேண்டும், பங்குதாரருக்கு என்ன உரிமை, பணிப்பாளர்கள் எதுவரை போகலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும். கம்பனிக்கும் பங்குதாரருக்கும் இடையில் ஒரு ஒப்பந்தம் போல அது இரு பக்கத்தையும் கட்டும்.

கையில் கடதாசி இல்லை என்றால் விதியே இல்லை என்று நினைக்க வேண்டாம். நீங்கள் சொந்தமாக எழுதிக் கொடுக்காவிட்டால் சட்டத்தின் முதலாம் அட்டவணையில் உள்ள மாதிரி விதிகள் தாமாகவே உங்கள் கம்பனிக்குப் பொருந்தும். பதிவு செய்யும் நாளில் அவசரத்தில் கையெழுத்து வைத்துவிட்டு, எந்த விதி தங்களுக்குப் பொருந்துகிறது என்று தெரியாமலே பல வருடங்கள் கம்பனி நடத்துபவர்கள் இங்கே நிறையப் பேர். முதலில் பதிவாளரிடம் உள்ள உங்கள் கோப்பின் பிரதியை எடுத்துப் பாருங்கள்.

எங்கள் விதிகளில் "பனம்பொருள் உற்பத்தியும் விற்பனையும்" என்று மட்டுமே இருக்கிறது. கம்பனிக் காசில் பஸ் வாங்கி ஓடவிட்டால் அது செல்லுமா?

பஸ்ஸை விற்றவருக்கும் கம்பனிக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கல் செல்லும். ஆனால் அதைச் செய்த பணிப்பாளர் விதியை மீறியவர் ஆவார். இந்த இரண்டையும் பிரித்து விளங்கிக்கொண்டால் இந்தப் பக்கத்தின் முக்கால்வாசி விளங்கிவிடும்.

சட்டத்தின் 2 ஆம் பிரிவின்படி, பதிவான ஒரு கம்பனி எந்தத் தொழிலையும் செய்யலாம், எந்த ஒப்பந்தத்திலும் சேரலாம். நாட்டுக்கு உள்ளேயும் செய்யலாம், வெளியேயும் செய்யலாம். 17 ஆம் பிரிவு அதற்கு மேல் ஒரு விஷயம் சொல்கிறது. விதிகளில் நோக்கங்களை எழுதி வைத்திருந்தால், வேறு மாதிரி வெளிப்படையாக எழுதாத வரைக்கும், அந்த நோக்கங்களுக்கு வெளியே போகக்கூடாது என்று தடை போட்டதாகவே அது கருதப்படும். ஆனால் தடையை மீறிவிட்டார்கள் என்ற ஒரே காரணத்துக்காக ஒப்பந்தமோ கடனோ சொத்துக் கைமாற்றமோ செல்லாமல் போகாது.

எங்கள் ஊர் வழக்கில் சொன்னால், வீட்டுக்காரர் தங்களுக்குள் "வடக்கு வளவுக்குள்ள ஒருத்தரும் போறேல்லை" என்று பேசி வைத்தது போன்றது இது. அந்தப் பேச்சு வீட்டுக்காரரைத்தான் கட்டும். கடையில் சாமான் தந்தவரிடம் போய், "எங்கட வீட்டு ஏற்பாடு இப்படி, அதனால காசு தரமாட்டம்" என்று சொல்ல முடியாது.

அப்படியென்றால் முந்தி ஏன் எல்லோரும் நோக்க வாசகத்துக்கு இவ்வளவு பயந்தார்கள்?

முந்தி நிலைமை உண்மையிலேயே வேறு. நோக்கத்துக்கு வெளியே எதையும் செய்யக் கம்பனிக்கு அதிகாரமே இல்லை என்பதுதான் ஆங்கிலேயச் சட்டத்தின் கொள்கை. 1938 ஆம் ஆண்டின் கம்பனிகள் கட்டளைச் சட்டத்தோடும் 1982 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டத்தோடும் அந்தச் சிந்தனை இங்கேயும் இருந்தது.

அதற்கு அத்திவாரம் போட்ட வழக்கு 1875 இல் இங்கிலாந்தில் பிரபுக்கள் சபை தீர்த்தது. ஆஷ்பரி என்ற கம்பனியின் வேலை ரயில் பெட்டி செய்து விற்பது. அது பெல்ஜியத்தில் ஒரு ரயில் பாதை போடும் வேலைக்கு ரிஷே என்பவரோடு ஒப்பந்தம் செய்தது. பெட்டி செய்வது வேறு, பாதை போடுவது வேறு, ஆகவே ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்றது நீதிமன்றம். பங்குதாரர் ஒருவர் விடாமல் எல்லோரும் சேர்ந்து பிறகு சம்மதித்தாலும் உயிர் வராது என்றும் சொன்னது.

இதனால் ஆர் நட்டப்பட்டார்கள் என்று பாருங்கள். 1953 இல் ஒரு வழக்கு. உடுப்புத் தைக்கப் பதிந்த ஒரு கம்பனி, சுவருக்கு ஒட்டும் மரப் பலகை செய்யத் தொடங்கியது. அதற்கு எரிக்கக் கல்கரி கொடுத்த வியாபாரிக்குக் காசு வரவில்லை. கம்பனி முறிந்தபோது அவர் கேட்டுப் போனார். ஓடர் வந்த கடிதத்தின் தலைப்பில் "பலகை உற்பத்தியாளர்" என்று அச்சடித்திருந்தது, பதிவேட்டில் உள்ள நோக்கமும் உமக்குத் தெரிந்ததாகவே கருதப்படும், ஆகவே காசு இல்லை என்று தீர்ப்பானது. கரி கொடுத்தவர் செய்த பிழை என்ன? இன்று வரைக்கும் இந்த வழக்கை வாசித்தால் எனக்கு மனம் ஒப்பாது. 1969 இல் இன்னொன்று: வெளிநாட்டு விருந்தினருக்கு வசதி செய்து கொடுக்க 1951 இல் தொடங்கிய கம்பனி கடைசியில் பன்றி வளர்ப்பில் இறங்கியது. அதற்குக் கடன் கொடுத்த வங்கிக்கு ஈடு பிடித்தும் பயன் இல்லாமல் போனது.

இதற்குப் பயந்துதான் சட்டத்தரணிகள் முப்பது நாற்பது வாசகங்களாக, உலகத்தில் உள்ள எல்லாத் தொழிலையும் எழுதத் தொடங்கினார்கள். பழைய கம்பனிகளின் மெமோரண்டத்தை, அதாவது நோக்கங்களை எழுதி வைத்த ஆவணத்தைப் பார்த்தால் தேயிலைத் தோட்டத்தில் தொடங்கிக் கப்பல் வரைக்கும் இருக்கும். எல்லை போட வந்த கடதாசி எல்லையே இல்லாத கடதாசியாகிப் போனது.

ஒரு சின்ன விலகல். பண்ணைப் பக்கம் நிற்கும் ஐங்கோணக் கோட்டையைப் பாருங்கள். போர்த்துக்கேயரிடமிருந்து 1658 இல் அதைப் பிடித்துத் திரும்பக் கட்டியது ஒரு கம்பனி, ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி. 1602 இல் அதற்குக் கிடைத்த பட்டயத்தில் அரசர்களோடு உடன்படிக்கை செய்யலாம், கோட்டை கட்டலாம், படை வைத்திருக்கலாம் என்றெல்லாம் இருந்தது. ஒரு பட்டயத்தில் என்ன எழுதுகிறோம் என்பது எவ்வளவு பாரமான விஷயம் என்று அந்த மதில் ஓரம் நடக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

எங்களுடையது அப்பா காலத்துக் கம்பனி. பழைய மெமோரண்டம் இருக்கிறது. அதை என்ன செய்ய?

2007 க்குப் பிறகு மெமோரண்டம் என்று தனியாக ஒன்று இல்லை. இப்போது ஒரே ஆவணம்தான், அது அமைப்பு விதிகள். பழைய கடதாசியில் உள்ள நோக்கங்களை வைத்துக்கொண்டு குழம்பாமல், ஒரு கூட்டம் போட்டு, விசேட தீர்மானம் (75 வீத வாக்கு வேண்டியது, விபரம் கீழே) நிறைவேற்றி, இன்றைய சட்டத்துக்குப் பொருந்தும் புதிய விதிகளை ஏற்றுக்கொள்வதுதான் நல்லது. பெரிய செலவு இல்லை. அப்பாவின் கையெழுத்து உள்ள பழைய பிரதியை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள்.

நான் டொராண்டோவில் இருக்கிறேன். கம்பனியில் 30 வீதப் பங்கு எனக்கு. அங்கே தம்பி பணிப்பாளர். விதிக்கு வெளியே ஒரு தொழிலில் காசைப் போடப் பார்க்கிறார். தடுக்க முடியுமா?

முடியும், ஆனால் நேரம் முக்கியம். விதியில் உள்ள தடைக்கு மாறாக நடக்க வேண்டாம் என்று கம்பனிக்குத் தடையுத்தரவு கேட்டு ஒரு பங்குதாரரோ பணிப்பாளரோ நீதிமன்றத்துக்குப் போகலாம். சட்டத்தின் 233 ஆம் பிரிவு அதற்குத்தான். ஆனால் கம்பனி ஏற்கெனவே அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்துக் கட்டுப்பட்டுவிட்டால் இந்த வழி அடைபட்டுவிடும். அணை கடந்த வெள்ளம் அழுதாலும் வராது. "வாற ஆவணி நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்கு வரேக்க கதைச்சுக் கொள்ளுவம்" என்று விட்டுவிட்டு வந்து பார்த்தால் பஸ் கொடிகாமம் பாதையில் ஓடிக்கொண்டிருக்கும்.

உங்கள் 30 வீதத்துக்கு இன்னொரு பலமும் உண்டு. விதிகளை மாற்ற விசேட தீர்மானம் வேண்டும். அதற்கு, வாக்களிக்கிறவர்களின் வாக்குகளில் 75 வீதம் தேவை. நீங்கள் எதிர்த்து வாக்களித்தால் மிச்சம் 70 தான், தீர்மானம் விழுந்துவிடும். ஆனால் கணக்கில் எடுப்பது வாக்களித்தவர்களின் வாக்குகளை மட்டும்தான். நீங்கள் வராமலும், உங்களுக்காக வாக்களிக்க ஒரு பதிலாளை அனுப்பாமலும் இருந்தால் வந்திருப்பவர்களே நூற்றுக்கு நூறு ஆகிவிடுவார்கள். அழைப்பு மின்னஞ்சலில் வந்தவுடன் பதிலாள் படிவத்தை நிரப்பி, ஊரில் உங்களுக்கு நம்பிக்கையான ஒருவரின் பெயரில் நேரத்தோடு அனுப்பிவிடுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் தங்கள் உரிமையை இழப்பது பெரும்பாலும் இந்த ஒரு படிவத்தை அனுப்பாமல் விட்டதால்தான்.

பணிப்பாளர் ஒருவரே கையெழுத்து வைத்துக் கம்பனியின் பாதிச் சொத்தை விற்கலாமா? விதிகளில் தடை ஒன்றும் இல்லையே.

விதியில் தடை இல்லாவிட்டாலும் சட்டத்தில் தடை இருக்கிறது. 185 ஆம் பிரிவைப் பாருங்கள். கம்பனியின் சொத்துப் பெறுமதியில் பாதிக்கு மேல் வரும் ஒரு கொள்வனவோ விற்பனையோ பெரும் கொடுக்கல் வாங்கல் ஆகும். அதற்குப் பங்குதாரரின் விசேட தீர்மானம் வேண்டும், அல்லது எல்லோரும் எழுத்தில் சம்மதிக்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் பனம்பொருள் கம்பனியின் மொத்தச் சொத்து 4 கோடி ரூபா: கட்டடம், ஒடியல் அரைக்கும் மெஷின், லொறி, களஞ்சியத்தில் உள்ள சாமான் எல்லாம் சேர்த்து. இரண்டு பஸ் 2 கோடி 20 இலட்சம். பாதியைத் தாண்டிவிட்டது. தம்பி தனியே முடிவெடுக்க முடியாது. 1 கோடி 80 இலட்சத்துக்கு வாங்கினால் இந்தப் பிரிவு தடுக்காது, ஆனால் நோக்கம் பற்றிய தடை அப்படியே நிற்கும். ஆகவே இரண்டு கேள்வியையும் தனித்தனியே கேட்க வேண்டும்: இது எங்கள் தொழிலா? இது பாதிக்கு மேலா?

பெரும்பான்மையினர் சேர்ந்து விதியை மாற்றிவிட்டார்கள். நான் எதிர்த்து வாக்களித்தேன். இனி நான் என்ன செய்யலாம்?

அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு உரிமை உங்களுக்கு இருக்கிறது. தொழில் பற்றிய ஒரு தடையைப் புதிதாகப் போடவோ இருந்ததை எடுக்கவோ விசேட தீர்மானம் நிறைவேறி, நீங்கள் உங்கள் வாக்குகள் முழுவதையும் அதற்கு எதிராகப் போட்டிருந்தால், உங்கள் பங்குகளை வாங்கிக்கொள்ளும்படி கம்பனியைக் கேட்கலாம். 93 ஆம் பிரிவு இதைத் தருகிறது. பெரும் கொடுக்கல் வாங்கலை எதிர்த்தவருக்கும் இதே வழி உண்டு. கேட்பதற்குச் சட்டம் தரும் நாட்கள் மிகக் குறைவு. கூட்டம் முடிந்த அன்றே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். நீங்கள் எதிர்த்து வாக்களித்ததைக் கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள். அதைப் பதியாமல் விட்டால் பிறகு நிரூபிக்க அலைய வேண்டி வரும்.

நான் கடைக்காரன். ஒரு கம்பனிக்குச் சாமான் கடனுக்குக் கொடுக்கிறேன். அவர்களின் விதிகளை வாசிக்க வேண்டுமா?

கரி கொடுத்தவரின் நிலை இன்று உங்களுக்கு வராது. விதிகள் பதிவாளரிடம் இருக்கின்றன என்ற காரணத்தால் அதில் உள்ளது உங்களுக்குத் தெரிந்ததாக இனி யாரும் கருத முடியாது. உள்ளே கூட்டம் சரியாக நடந்ததா, தீர்மானம் எடுத்தார்களா என்று நீங்கள் தோண்டிப் பார்க்கவும் தேவையில்லை. 1856 இல் டர்க்வாண்ட் என்பவரின் வழக்கிலிருந்து வந்த கொள்கை அது.

ஒரு விலக்கு மட்டும் உண்டு. கம்பனியோடு உங்களுக்கு உள்ள உறவால் மீறல் உங்களுக்குத் தெரிந்திருந்தால், அல்லது தெரிந்திருக்க வேண்டிய நிலையில் நீங்கள் இருந்தால், இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. பணிப்பாளரின் மைத்துனராகி, எல்லாக் கூட்டத்திலும் தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருந்தவர் "எனக்கு ஒண்டும் தெரியாது" என்றால் எடுபடாது.

வங்கிகள் இன்றும் விதிகளின் பிரதியும் பணிப்பாளர் சபைத் தீர்மானமும் கேட்கின்றன. அது அவர்களின் கவனம். கோபிக்காமல் கொடுங்கள்.

புதிதாகப் பதியப் போகிறோம். நோக்கமே எழுதாமல் விடலாமா?

தாராளமாக விடலாம். ஒருவரே பங்குதாரரும் பணிப்பாளருமாக இருந்தால் விடுவதே நல்லது என்பேன். தன்னைத் தானே கட்டிவைத்து என்ன பயன்?

ஆனால் காசு போடுபவர் வெளியூரிலும், நடத்துபவர் ஊரிலும் இருந்தால் எழுதுங்கள். அதுவும் பொதுவான நோக்கப் பட்டியலாக இல்லாமல், உங்களுக்கு உண்மையில் எது பயமோ அதை எழுதுங்கள். நான் எழுதிக் கொடுக்கும் வாசகங்கள் இந்த மாதிரி இருக்கும்: "எல்லாப் பங்குதாரரும் எழுத்தில் சம்மதித்தால் அன்றி, கம்பனி வேறொருவரின் கடனுக்குப் பிணை நிற்கக்கூடாது." "50 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட கடனுக்கு இரண்டு பணிப்பாளரின் கையெழுத்து வேண்டும்." "கம்பனியின் காணியை ஈடு வைக்க விசேட தீர்மானம் வேண்டும்." நோக்கங்களைப் பக்கம் பக்கமாக எழுதுவதை விட இந்த மூன்று வரி குடும்பத்தைக் காப்பாற்றும். குறிப்பாக முதலாவது வரி. பிணை நின்று போன சொத்துகளின் கதை எங்கள் ஊரில் எல்லா ஒழுங்கையிலும் ஒன்று இருக்கும்.

விதிகளில் "நிதித் தொழில்" என்று எழுதினால் மக்களிடம் வைப்பு வாங்கலாமா?

இல்லை. விதி அனுமதிப்பது வேறு, உரிமம் வேறு. பொதுமக்களிடம் வைப்பு வாங்க 2011 ஆம் ஆண்டின் 42 ஆம் இலக்க நிதித் தொழில் சட்டத்தின் கீழ் மத்திய வங்கியின் உரிமம் வேண்டும். இல்லாமல் வாங்குவது குற்றம். யாராவது கம்பனிப் பதிவுச் சான்றிதழை மட்டும் காட்டி "பதிஞ்ச கம்பனி, பயப்பிடாதேங்கோ" என்று கூடுதல் வட்டி சொல்லிக் காசு கேட்டால் தயவுசெய்து கொடுக்க வேண்டாம். அந்தச் சான்றிதழ் கம்பனி பிறந்திருக்கிறது என்பதற்கு மட்டுமே அத்தாட்சி.

நாங்கள் எல்லோரும் இப்போது கனடா, லண்டன் குடியுரிமைக்காரர். கம்பனி பெயரில் ஊரில் காணி வாங்கலாம்தானே?

இங்கேதான் உண்மையான சுவர் இருக்கிறது. 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கக் காணிச் சட்டத்தின்படி, 50 வீதமோ அதற்கு மேலோ வெளிநாட்டவர் பங்கு வைத்திருக்கும் கம்பனிக்குக் காணி உரிமையை மாற்ற முடியாது. சட்டம் சொல்லும் சில விலக்குகள் உண்டு. ஆனால் அமைப்பு விதிகளில் நீங்கள் என்ன எழுதினாலும் இந்தத் தடை அசையாது. மேலே சொன்ன பஸ் கதை போல "ஒப்பந்தம் செல்லும், பணிப்பாளர் மட்டும் பொறுப்பு" என்றும் இதில் தப்ப முடியாது, கைமாற்றமே செல்லாது. இரட்டைக் குடியுரிமை எடுத்தவர்களின் நிலை வேறு. ஆகவே நொத்தாரிசிடம் உறுதி எழுதப் போவதற்கு முன்பு, பங்குதாரர் ஒவ்வொருவரின் குடியுரிமையையும் வரிசையாக எழுதி, பங்கு வீதத்தைக் கூட்டிப் பாருங்கள்.

கோயில் திருப்பணிக்கோ படித்த பள்ளிக்கூடத்துக்கோ கம்பனிக் காசில் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், அளவோடும் தீர்மானத்தோடும். சென்னையில் நடந்த ஒரு வழக்கை இதற்குச் சொல்வேன். யுனைடெட் இந்தியா ஆயுள் காப்புறுதிக் கம்பனி 1955 இல் ஒரு நினைவு அறக்கட்டளைக்கு 2 இலட்சம் ரூபா கொடுத்தது. பங்குதாரர் கூட்டத்தில் தீர்மானம் போட்டுத்தான் கொடுத்தார்கள். அடுத்த வருடம் ஆயுள் காப்புறுதி அரசுடைமையானது, புதிய கூட்டுத்தாபனம் காசைத் திருப்பிக் கேட்டது. 1963 இல் இந்திய உச்ச நீதிமன்றம், அந்தக் கொடை கம்பனியின் நோக்கத்தோடு சேராதது, கொடுத்தவர்கள் திருப்பிக் கட்ட வேண்டும் என்றது. கட்ட வேண்டி வந்தவர்களில் ஒருவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக நீண்டகாலம் இருந்த ஏ. லட்சுமணசுவாமி முதலியார். நல்ல மனதோடு செய்ததுதான், ஆனாலும் கைக்காசு போனது.

இலங்கையில் இன்றைய சட்டம் அவ்வளவு இறுக்கமில்லை. என்றாலும் பணிப்பாளர் கம்பனியின் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு நடக்க வேண்டும் என்று 187 ஆம் பிரிவும், விதியை மீறக்கூடாது என்று 188 ஆம் பிரிவும் சொல்கின்றன. உபயகாரராக உங்கள் பெயர் வர வேண்டும் என்றால் உங்கள் காசில் கொடுங்கள். கம்பனி கொடுத்தால் கம்பனியின் பெயர் வரட்டும்.

பழைய மாணவர் சங்கம், ஊர்ச் சங்கம் எல்லாம்?

உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாக, அதாவது பங்குக்குப் பதில் உறுப்பினர் ஒரு தொகைக்குப் பொறுப்பேற்கும் கம்பனியாகப் பதிந்தால், அங்கே நோக்கம்தான் உயிர். அந்த நோக்கத்தை நம்பித்தான் ஆட்கள் காசு அனுப்புகிறார்கள். ஆகவே சுருக்கமாகவும் தெளிவாகவும் எழுதுங்கள். கூட்டுறவுச் சங்கங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, அவற்றுக்குத் தனிச் சட்டமும் துணைவிதிகளும் உண்டு.

எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. பஸ்ஸும் வாங்கியாயிற்று, நட்டமும் வந்தாயிற்று. இனி ஒன்றும் செய்ய முடியாதா?

பஸ்ஸை விற்றவரிடம் போக முடியாது. பணிப்பாளரிடம் போகலாம். விதியை மீறி நடந்ததால் கம்பனிக்கு வந்த நட்டத்தை அவரிடம் கேட்கும் உரிமை கம்பனிக்கு உண்டு. கம்பனியை நடத்துபவரே அவராக இருந்தால் வழக்குப் போடமாட்டார் அல்லவா? அதற்காகத்தான் 234 ஆம் பிரிவு, கம்பனியின் சார்பில் வழக்குப் போட ஒரு பங்குதாரர் நீதிமன்றத்தின் அனுமதி கேட்கலாம் என்கிறது. பெரும்பான்மையினர் உங்களை நசுக்கி நடத்துகிறார்கள் என்றால் 224 ஆம் பிரிவு வேறொரு வழி.

ஆனால் சட்டத்தரணியிடம் போவதற்கு முன்பு ஒருமுறை எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் சத்தம் போட வேண்டாம். "அன்புள்ள தம்பி" என்று தொடங்கி, எந்த விதி, எந்தத் திகதி, எவ்வளவு காசு என்று மூன்றையும் எழுதி, கம்பனியின் பதிவு முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைக் கோப்பில் வையுங்கள். எனக்குத் தெரிந்து இரண்டு குடும்பங்களில் அந்தக் கடிதம் போன பிறகுதான் விதிகளை முதல் தடவையாக இரண்டு பேரும் எடுத்து வாசித்தார்கள்.